பூசை விருந்தில் இறைச்சி சுடும்போது



மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ பூசை என்றால் நம்ம லயங்களில் கெடா வெட்டாமல் முடியாது. வத்தேகம டவுனில் கோழி வாங்கி வந்து, பொடியன்மார் ஆத்தோரத்தில் நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்பதும் உண்டு. சந்தோஷமான நாள்தான். ஆனால் மறுநாள் நாலு வீட்டில் வாந்தி, வயிற்றோட்டம் என்றால் பெரட்டுக்கு யார் போவது? போன பேர் திரும்பி வருமா?

"நம்ம பக்கம் குளிர்தானே, எறச்சி ஒன்னும் ஆவாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது தவறு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகிக்கொண்டே இருக்கும். கண்டிப் பக்கத்தில் மார்கழி இரவில்கூட அவ்வளவு குளிர் வராது. நமக்குச் சில்லென்று இருப்பது கிருமிக்கு இதமான சூடு! ஆகையால் பிரிட்ஜ் இல்லாத வீட்டில் முதல்நாளே கோழி வாங்கி வைக்க வேண்டாம். வெட்டிய இறைச்சியை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கவும் கூடாது.

சுடுவதில்தான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. எரிகிற தீயில் போட்டால் தோல் கருகிவிடும், எலும்பு ஓரம் பச்சையாகவே கிடக்கும். கோழியின் உள்சதை 74 பாகைக்குச் சூடேறினால்தான் கிருமி சாகும். அதை அளக்க நம்மிடம் கருவி ஏது? எனவே சின்னத் துண்டுகளாக வெட்டி, உப்பு மஞ்சள் போட்டு முதலில் நன்றாக வேகவைத்து, ஆறவிடாமல் அப்படியே தணலில் வாட்டி எடுங்கள். ருசி ஒன்றும் குறையாது, செய்து பாருங்கள்.

மசாலாவில் பச்சை இறைச்சி ஊறிய சட்டியிலேயே சுட்டதையும் அள்ளிப் போடுகிறோம். செத்த கிருமிக்குப் பதில் புதுக் கிருமி ஏறிவிடும். வேறு தட்டு எடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இன்னொன்று: புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த பீப்பாவை வெட்டி அடுப்பாக்குவதும், அந்தக் கேனில் தண்ணீர் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அது நஞ்சுப் பாத்திரம்தான். அரளிக் குச்சியில் இறைச்சி கோர்ப்பதும் ஆபத்து.

மிஞ்சிய கறியைப் பெரிய அண்டாவோடு மூடி வைத்தால் நடுவில் இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியிலும் சாகாமல் விதை மாதிரி ஒளிந்திருக்கும் கிருமி அந்தச் சூட்டில் முளைத்துவிடும். சில கிருமிகள் விட்ட நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் அன்றைக்கே பங்கு பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

அப்படியும் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டால், கொதித்து ஆறிய தண்ணீரில் ஜீவனியைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ விபூதி போட்டுக்கொண்டு காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.