பழைய எம்டிபி சைக்கிளை அப்கிரேடு பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா? காசு போடும் முன் இதைப் பாருங்க!

காலேஜ் படிக்கும்போது ஆசையாக வாங்கிய கியர் சைக்கிள், இப்போது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. உடம்பைக் குறைக்க மறுபடியும் ஓட்டலாம் என்று வெளியே எடுத்தால் செயின் துரு, கியர் மாறவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. ஒரு கடையில் "இதையே ரெடி பண்ணிடலாம்" என்கிறார்கள். இன்னொரு கடையில் "இதுக்குப் பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்கிறார்கள். இதில் எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். தேய்ந்த பாகத்தை மாற்றுவது வேறு, சைக்கிளில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது வேறு. முதலாவதில் போடும் காசு பெரும்பாலும் வீணாகாது. இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஃபிரேம் நல்லா இருக்கா?

எந்த பார்ட்ஸும் வாங்கும் முன் சைக்கிளைக் கழுவித் துடைத்து, ஃபிரேமில் வெல்டிங் செய்த இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் இடம், பின் சக்கரம் மாட்டும் இடம் ஆகியவை முக்கியம். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். விரிசல்தான் என்று மெக்கானிக் உறுதி செய்தால் அந்த ஃபிரேமில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். அலுமினிய ஃபிரேமைப் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைப்பதும் ஆபத்து. சூட்டில் அந்த இடத்தின் பலம் குறைந்துவிடும்.

அடுத்து அளவு. சீட் கம்பியில் 'இதற்கு மேல் உயர்த்தாதே' என்று ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டி உயர்த்தினால்தான் கால் நீட்டி மிதிக்க முடிகிறது என்றால், அந்த சைக்கிள் உங்களுக்குச் சின்னது. எந்த அப்கிரேடும் அதைச் சரிசெய்யாது.

எதில் காசு போட்டால் வீண் போகாது?

ஃபிரேம் நன்றாக இருந்தால் முதல் வேலை ஓவராயில். பால்ரஸ் குண்டுகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது, கேபிள்களை மாற்றுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது. பாதி சைக்கிள்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

செயினை நீங்களே சோதிக்கலாம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 12 அங்குலம் அளந்து பாருங்கள். புது செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரும். அது 16-ல் 1 பங்கு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 8-ல் 1 பங்கு தள்ளிப் போயிருந்தால் பின்னால் உள்ள பல்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அப்போது புது செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது நழுவும்.

பிரேக் கட்டை, கேபிள் இரண்டையும் மாற்றத் தயங்க வேண்டாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், ரிம்மின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். குழிவாக இருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. ஓடும்போதே வெடிக்கலாம். உடனே மாற்ற வேண்டும்.

டயர் இன்னொரு நல்ல செலவு. எம்டிபி என்று வாங்கினாலும் பலர் ஓட்டுவது தார் ரோட்டில்தான். பெரிய பட்டன் வைத்த டயரைக் கழற்றிவிட்டு, பட்டன் இல்லாத டயர் போட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் சரியாகக் காற்றடித்தால், சைக்கிள் ஓடும் விதமே மாறிவிடும்.

எங்கே சிக்கல் ஆரம்பிக்கிறது?

"பின்னால 7 கியர்தான் இருக்கு, 10 ஆக்கிடலாம்" என்று நினைக்கும் இடத்தில்தான். பழைய 7 கியர் சைக்கிள்கள் பலவற்றில் பல்சக்கரம் ஹப்பில் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் வகை. 10 கியர் செட்டுகள் பெரும்பாலும் கேசட் வகை. அதற்கு ஹப்பே வேறு. எனவே புது ஹப், அதை வைத்துப் பின்னிய சக்கரம், கேசட், செயின், டீரெய்லர், ஷிஃப்டர் என எல்லாம் வேண்டும். கியரில் ஆரம்பித்த செலவு பின் சக்கரம் வரை போய்விடும்.

டிஸ்க் பிரேக்கும் இப்படித்தான். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் மாட்டும் இடம் இருக்க வேண்டும், ஹப்பும் டிஸ்க் மாட்டும் வகையாக இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

முன்பக்க ஷாக்? பழைய ஃபிரேம்களில் ஃபோர்க் நுழையும் குழாய் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம். இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பலவற்றின் தண்டு கீழே அகன்று 1.5 அங்குலமாக இருக்கும். அது பழைய ஃபிரேமில் நுழையாது. நுழைகிற ஃபோர்க் கிடைத்தாலும், பழையதைவிட உயரமாக இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஃபிரேமின் கழுத்தில் கூடுதல் பாரம் விழும்.

சக்கர அளவையும் மாற்ற முடியாது. பழைய எம்டிபிக்கள் 26 அங்குலம். இப்போது வருபவை பெரும்பாலும் 27.5 அல்லது 29. டயர் உட்காரும் இடத்தில் 26-க்கு விட்டம் 559 மி.மீ., 29-க்கு 622 மி.மீ. ரிம் பிரேக் கட்டை அந்த உயரத்துக்கு எட்டாது, பல ஃபிரேம்களில் டயருக்கே இடம் இருக்காது. ஆனால் 26 அங்குல சாதாரண டயர், டியூப் இன்னும் கிடைக்கின்றன. ஓட்டுவதற்கு அந்த அளவு தடையில்லை.

புது சைக்கிளில் அதே பார்ட்ஸ் எப்படி மலிவு?

சைக்கிள் கம்பெனிகள் பாகங்களை மொத்தமாக வாங்குகின்றன. நீங்கள் ஒவ்வொன்றாகச் சில்லறை விலையில் வாங்கி, மாட்டும் கூலியும் கொடுக்கிறீர்கள். அதனால் கியர், ஃபோர்க், பிரேக் மூன்றையும் தனித்தனியாக வாங்கிக் கூட்டினால், அவையெல்லாம் சேர்ந்தே வரும் முழு சைக்கிளின் விலையை நெருங்கிவிடும். சில நேரம் தாண்டியும் போகும். வரியில் வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அப்போ எப்படி முடிவெடுப்பது?

முதல் பார்ட் வாங்கும் முன்பே மொத்தச் செலவையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு, உங்களுக்கு வேண்டிய தரத்தில் புது சைக்கிள் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்ததை மட்டும் மாற்ற 4,000 ரூபாய் ஆகும் என்றால் யோசிக்காமல் செய்யலாம். 12,000 ரூபாய் என்றால் நிறுத்திவிடுங்கள். அவ்வளவு போட்ட பிறகும் ஃபிரேமும் சக்கர அளவும் பழையதுதான். விற்கப் போனால் அந்தக் காசு திரும்பாது.

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். காலையில் உடற்பயிற்சி, கடைக்குப் போய்வருவது என்றால் பழைய சைக்கிளே போதும். ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளில் இறங்கவும், கரடுமுரடான காட்டுத்தடங்களில் ஓட்டவும் ஆசை என்றால் பிரேக்கும் ஃபோர்க்கும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குப் புதுசுக்குச் சேமிப்பதே சரி.

புதுசு வாங்கினால் கலரையும் ஸ்டிக்கரையும் பார்த்து ஏமாற வேண்டாம். பின்னால் இருப்பது கேசட்டா, டிஸ்க் பிரேக் கேபிளில் இயங்குவதா ஹைட்ராலிக்கா, உங்கள் உயரத்துக்கு ஃபிரேம் அளவு சரியா என்று கேளுங்கள். குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஷாக் வைத்த மாடல்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எடை கூடி, மிதிக்கும் சக்தியில் ஒரு பகுதி பின் ஷாக்கிலேயே வீணாகும்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லையா? ஓவராயில் மட்டும் செய்து இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். தினமும் ஓட்டும் பழக்கம் வந்த பிறகு, உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்பது தானாகத் தெரியும். பழக்கம் வராவிட்டால், பெரிய செலவாவது மிச்சம்.