மின்கவிதைக்கு மூலபாடம் எது?

தாளில் எழுதிய செய்யுளைத் திரையில் ஏற்றிய அளவிலே அது மின்கவிதை ஆகிவிடாது. கணினியின்றி நிகழவே இயலாத செய்யுளையே ஈண்டு அப்பெயராற் குறிக்கின்றோம். 1959ஆம் ஆண்டில் செருமானியராகிய தியோ லுட்ஸ் என்பார், காஃப்காவின் ‘கோட்டை’ என்னும் புதினத்தினின்று 16 எழுவாய்களையும் 16 பயனிலைகளையும் எடுத்து, சூசே இசட்-22 என்னும் கணினி அவற்றைத் தற்செயலாக இணைத்துத் தொடர்களாக்குமாறு செய்தார். அத்தொடர்கள் பெரிதும் சுவையுடையன என யாம் கூறத் துணியோம். ஆயினும் அவர் இயற்றியது பாடலன்று, பாடல் பிறக்கும் விதி என்பது நோக்கற்பாலது. விதிவழிப் பாடுதல் நமக்குப் புதிதன்று. சம்பந்தரின் திருமாலைமாற்று அதற்குச் சான்று. ஆயின் ஆங்கு விதிக்கு உட்பட்டவர் புலவர். ஈண்டு உட்படுவது பொறி.

இவ்வேறுபாட்டினால் எழும் மூலபாடச் சிக்கலைக் கனடியக் கவிஞர் பி. பி. நிக்கலின் ‘ஃபர்ஸ்ட் ஸ்கிரீனிங்’ (1984) தெளிவுறக் காட்டும். ஆப்பிள் கணினிக்கெனப் பேசிக் மொழியில் எழுதி நெகிழ்வட்டில் வெளியிட்ட இந்நூலிற் சொற்கள் திரையில் நகரும், மாறும், மறையும். கணினி செயற்படுத்தாது கடந்துசெல்லும் குறிப்புவரி ஒன்று, 1748ஆம் வரியில் ஒரு பாடல் மறைந்துள்ளது என ஆர்வலர்க்கு அறிவிக்கின்றது. திரையை மட்டும் நோக்குவார்க்கு அக்குறிப்புப் புலப்படாது. நிரலைப் படிப்பார்க்கே புலப்படும். ஆகவே திரைத்தோற்றத்தைப் படம்பிடித்து வைப்பது, கூத்தைப் படம்பிடித்துவிட்டுக் கூத்துநூலை எறிந்துவிடுவதனோடு ஒக்கும்.

அங்ஙனமாயின் நிரலே மூலபாடம் எனலாமோ எனின், அதுவும் முற்றும் அமையாது. அக்கால நிரல்களில் ஒன்றும் செய்யாது வெறிதே எண்ணிக்கொண்டிருக்கும் கட்டளைகளால் இடைநிறுத்தம் அமைப்பது பெருவழக்கு. அதே நிரல் விரைவு மிக்க பொறியில் ஓடின், சொல் தோன்றியவுடன் மறைந்துபோம். எனவே பொறியின் வேகமும் பாடலின் ஓசைபோல் அதன் உறுப்பாகின்றது.

ஏட்டுச்சுவடி செல்லரித்தாலும் எஞ்சிய எழுத்தைக் கண்ணாற் படிக்கலாம். நெகிழ்வட்டின் நிலை வேறு. பொறி ஒழிந்தால் வட்டில் உள்ளது ஊமை எழுத்தே. நிக்கலின் நூல் பிழைத்தது, 1988இல் அவர் மறைந்த பின்னர் அன்பர் சிலர் முயன்றமையால். பழைய ஆப்பிளைப் போல் இயங்கும் மென்பொருளின் துணைகொண்டு 2007இல் அதனை மீட்டு, மூல நிரலையும் உடன் வெளியிட்டனர். 2020ஆம் ஆண்டு இறுதியில் ஃபிளாஷ் மென்பொருளுக்குரிய ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதனை நம்பி எழுந்த மின்கவிதைகள் பலவும் இவ்விடர்க்கே உள்ளாயின.

தமிழில் இத்தகைய ஆக்கம் ஒன்றைத் தொகுப்பிற் சேர்ப்போர், ஆசிரியரிடம் நிரலையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். எப்பொறியில், எவ்வேகத்தில் ஓடுமாறு அவர் கருதினார் என்பதையும் அவர் வாழ்நாளிலேயே வினவிக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.