பேய் பிடிச்ச ஹெரால்டு!

"அந்த வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்குடா!"

எங்க தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு எங்க தெருப் பசங்க கொடுத்த சர்டிஃபிகேட் இது. நேர் ரோட்டில் சாதுவாகப் போகும். வளைவு வந்தால் போச்சு! பின்பக்கம் எழும்பி, துள்ளி, எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

2022 நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம், தாம்பரம் பக்கம் ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதிக்க, வண்டி அரை வட்டம் அடித்து எதிர்த் திசையைப் பார்த்து நின்றது. நல்லவேளை, எதிரே லாரி எதுவும் வரவில்லை. பிளாட்பாரத்தில் இடித்ததோடு போயிற்று. வீட்டுக்கு வந்த அப்பா ஒரே வரியில் முடித்தார்... "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

தாத்தா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

நான் அப்போ மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கூட மூணு ஃப்ரெண்ட்ஸ். "செமஸ்டர் லீவு முடியறதுக்குள்ள சரி பண்ணிடறோம். முடியலைன்னா வித்துடுங்க"னு அப்பாகிட்ட சவால் விட்டோம். ஒரு தைரியம்தான்!

நம்ம ஊரு வண்டி பாஸ்!

ஹெரால்டு 1959-ல் பிரிட்டனில் பிறந்தது. அங்கே அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு. டிசைன் பண்ணியவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-ல் இருந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் நம்ம சென்னையிலேயே, வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் தயாரானது. 948 சிசி இன்ஜின். முன்பக்க பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி மொத்தமாகத் திறக்கும். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது.

எல்லாம் சரி, பேய் எங்கே குடியிருக்கு? பின் சஸ்பென்ஷனில்!

இறக்கை தாழ்ந்தா ஆபத்து

அந்தக் காலத்து அம்பாசடரில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே நேர் ஆக்ஸில் சேர்த்துப் பிடித்திருக்கும். ஹெரால்டு அப்படி இல்லை. நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து இடம், வலம் என இரண்டு ஆக்ஸில்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். ஒரு பறவையைக் கற்பனை பண்ணிக்கோங்க. டிஃபரென்ஷியல்தான் உடம்பு, ஆக்ஸில்கள் இறக்கை, இறக்கை நுனியில் சக்கரம். இதுக்குப் பேர்தான் ‘ஸ்விங் ஆக்ஸில்’. இந்த இறக்கைகளுக்கு மேலே, காரின் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். லாரிக்காரர்கள் பட்டை என்பார்களே, அதேதான்.

இறக்கை நேராக இருந்தால் சக்கரமும் நேராக நிற்கும். உடம்பைத் தூக்கிவிட்டால்? இறக்கை கீழே தாழும். சக்கரங்கள் தலையை வெளியே சாய்த்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் வேகமாகத் திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரத்தை ரோடு உள்நோக்கித் தள்ளும். தாழ்ந்த ஆக்ஸில் வழியாக வரும் அந்தத் தள்ளல், கோலூன்றித் தாண்டுகிறவரைக் கோல் தூக்குகிற மாதிரி காரின் பின்பக்கத்தைத் தூக்கும். தூக்கத் தூக்க, சக்கரம் இன்னும் உள்ளே மடங்கும். டயர் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு போச்சு! பாதி வளைவில் பிரேக் அடித்தால் பின்பக்கம் இன்னும் எழும்பும். அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அமெரிக்காவின் செவர்லே கார்வேர் காரில் இருந்த இதே ரக ஆக்ஸிலைத்தான், 1965-ல் வெளிவந்த தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ரால்ஃப் நேடர் பிரித்து மேய்ந்தார்.

‘ரெண்டு பட்டை ஏத்திடலாம் சார்!’

எங்களுக்கு வாய்த்த குரு, அறுபது வயசைத் தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணன். வந்தார். காரைத் தொடவே இல்லை. பத்தடி தள்ளி, பின்னாடி போய்க் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"வண்டி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குதே தம்பி... யாரு கை வெச்சது?"

தாத்தா மெதுவாக விஷயத்துக்கு வந்தார். சில வருஷங்களுக்கு முன்னால், ஆள் ஏறினால் பின்பக்கம் ரொம்பத் தாழ்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார். "ரெண்டு பட்டை ஏத்திடலாம் சார், கம்பீரமா நிக்கும்" என்றார்களாம். நின்றது. கம்பீரமாகத்தான் நின்றது!

பின்சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த மூடித் தகட்டைத் திறந்தோம். அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. ஒரிஜினல் பட்டைகளுக்கு நடுவே வேறு ஏதோ வண்டியின் இரண்டு பட்டைகள். ஷாக் அப்சார்பரும் வேறு வண்டியுடையது, நீளம் அதிகம். அதனால் சக்கரம் இன்னும் கீழே தொங்க வசதி. ரப்பர் புஷ் எல்லாம் பொடிப் பொடி.

"அண்ணே, பேசாம வேற கார் ஆக்ஸிலை வெட்டி ஒட்டிடலாமா? கம்பெனியே பின்னாடி வந்த கெஸல் கார்ல நேர் ஆக்ஸில்தானே போட்டாங்க?" - நண்பன் அறிவைக் காட்டினான்.

"அவங்க அதுக்குன்னு டிசைன் பண்ணிப் போட்டாங்க. நீ வெல்டிங் மெஷினை வெச்சுக்கிட்டுப் போடப் போற. ஒருத்தன் கெடுத்ததை நீ இன்னொரு தடவை கெடுக்கணுமா?"

சைலன்ட் ஆனோம்.

எடுக்கறதுதான் ரிப்பேர்

உண்மையான வியாதி, வயசாகித் தட்டையாகிப்போன ஒரிஜினல் பட்டைகளும் செத்துப்போன புஷ்களும்தான். அதைக் குணப்படுத்தாமல் மேலே இரண்டைச் சொருகியதுதான் வினை.

ஸ்பிரிங்கைப் பிரித்து, வேண்டாத இரண்டையும் எடுத்தோம். மீதியை லாரி ஸ்பிரிங் பட்டறைக்குத் தூக்கிப் போனோம். "காய்ச்சி வளைச்சா மட்டும் போதாது தம்பி. எண்ணெயில அமுக்கிக் குளிர வெச்சு, அப்புறம் கம்மி சூட்டுல மறுபடி பதம் வைக்கணும். இல்லைன்னா ஒண்ணு ஒடியும், இல்லைன்னா படுத்துடும்" என்றார் பட்டறைக்காரர். மெட்டலர்ஜி பேப்பரில் நான் புரியாமல் எழுதிவிட்டு வந்த ‘க்வென்ச்சிங், டெம்பரிங்’ இதுதானா!

சரியான அளவு ஷாக் அப்சார்பருக்காகப் புதுப்பேட்டையில் மூணு நாள் அலைந்தோம். புஷ் எல்லாம் புதுசு. எல்லாவற்றையும் மாட்டி, ஜாக்கியை இறக்கினால்... சக்கரம் முன்னைவிடக் கோணலாக நிற்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் சிரித்தார். "தள்ளுடா வண்டியை!" பத்தடி முன்னே, பத்தடி பின்னே தள்ளினோம். இறக்கை தானாக விரிந்து சக்கரம் நிமிர்ந்தது. ஜாக்கியில் இருந்து இறக்கியதும் ஸ்விங் ஆக்ஸில் இப்படித்தான் மடங்கி நிற்குமாம். உருட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். அதுவும் காலி வண்டியை அளக்கக் கூடாது. முன்சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து அளந்தோம். கொஞ்சம் உயரம் அதிகம். மறுபடி கழற்று, மறுபடி பட்டறை. இரண்டாவது முறை, சக்கரத்தின் தலை லேசாக உள்ளே சாய்ந்து நின்றது. "இப்ப ஓட்டு" என்றார் அண்ணன்.

நீங்களும் கை வைக்கறீங்களா?

* ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீங்க. கனமான ஸ்டாண்டு கட்டாயம்.

* லீஃப் ஸ்பிரிங் உள்ளுக்குள் விசையோடு இருக்கும். போல்ட்டை நினைத்தபடி கழற்றினால் அடி நிச்சயம். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கணும்.

* ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகே கடைசி முறுக்கு முறுக்கணும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகிச் சீக்கிரம் கிழியும்.

* 50 வயசு தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. வண்டி ஒரிஜினல் வடிவத்தில் இருக்கணும் என்பது அதில் முக்கிய நிபந்தனை. வெட்டி ஒட்டுவதற்கு முன்னாடி யோசிங்க!

பெருங்களத்தூர் வரைக்கும்...

லீவு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் தாத்தா. பின்னாடி நானும் அண்ணனும். ஏறும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "சார், வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடுங்க. உள்ளே போனப்புறம் பிரேக்கைத் தொடாதீங்க. வண்டி சரியாயிடுச்சு, ஆனா அதோட குணம் அதேதான்."

அதே வளைவு வந்தது. அப்பாவின் கை இறுகியது எனக்குத் தெரிந்தது. வண்டி துள்ளவில்லை, எழும்பவில்லை. தரையைக் கவ்விக்கொண்டு அமைதியாகத் திரும்பியது. அப்பா எதுவும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் நேரே பெருங்களத்தூருக்கு விட்டார். வண்டி பிறந்த இடத்தைத் தாண்டும்போது தாத்தா டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினார்... குழந்தை முதுகில் தட்டுகிற மாதிரி.

அன்றைக்கு ராத்திரி தாத்தா ஒரு தோசை அதிகமாகவே சாப்பிட்டார்!

கழற்றிய அந்த ரெண்டு பட்டைகளில் ஒன்று இப்போதும் என் மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. எதையாவது மாற்றிப் பார்க்கலாமே என்று கை அரிக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன். நல்ல கனம்!