விழுப்புரத்தில் விரல், திண்டிவனத்தில் படம்!

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் எவ்வளவு தூரம்? சாலை வழியே ஏறத்தாழ 38 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் ஆகும்.

விழுப்புரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, திண்டிவனத்து வீட்டில் இருக்கும் கேமராவில் படம் எடுக்க முடியுமா?

முடியும்! எடுத்த படமும் சில விநாடிகளில் வந்து சேர்ந்துவிடும். இது மாயமும் அல்ல, மந்திரமும் அல்ல. ஒரு கம்பியும் இரண்டு கம்ப்யூட்டர்களும் செய்கிற வேலை.

தேன்சிட்டின் கூடு

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள்.

நம் ஊர் வீடுகளில் தேன்சிட்டு கூடு கட்டுவது உண்டு. வாசல் கொடியிலோ, மின்சார ஒயரிலோ, சிறு பை போலத் தொங்கும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே மழைக்கு ஒரு தாழ்வாரம்கூட உண்டு! பெரும்பாலும் இரண்டு முட்டைகள். தாய் இரண்டு வாரம் அடை காக்கும். குஞ்சு பொரித்த பிறகு, தந்தையும் இரை கொண்டுவந்து ஊட்டும்.

அதைப் பார்க்க வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசை. ஆனால், ஆட்கள் அடிக்கடி கிட்டே போனால் தாய்ப் பறவை மிரளும். கூட்டையே கைவிட்டுப் போனாலும் போய்விடும். அப்புறம் முட்டைகளின் கதி என்ன?

தாய் இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து, கேமராவைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, நாம் உள்ளே வந்துவிட்டால் சிட்டுக்கும் தொல்லை இல்லை. குழந்தைகளுக்கும் ஏமாற்றம் இல்லை. "பிளாஷ்" மட்டும் கூடவே கூடாது.

புலி எடுத்த புகைப்படம்

இந்த ஆசை புதிது அல்ல. 1920-களில் வட இந்தியக் காடுகளில் சாம்பியன் என்ற வன அதிகாரி இருந்தார். புலி நடக்கும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டினார். அதைக் கேமராவோடு இணைத்தார். இரவில் புலி வந்தது. கால் பட்டது. வெளிச்சம் பளீரென்று அடித்தது, படம் விழுந்தது! புலி தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம்! அப்படி எடுத்த படங்களை 1927-ல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

1991-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. ஒரே ஒரு காப்பிப் பாத்திரம். குடிக்கப் பல பேர். நடந்து போய்ப் பார்த்தால் பாத்திரம் காலி! அதனால் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவை வைத்து, கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். அவரவர் மேஜையிலிருந்தே காப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். சோம்பலும் சில சமயம் நல்லதுதான் போலும்! 1993-ல் உலகமே அந்தப் பாத்திரத்தை இன்டர்நெட்டில் பார்த்தது. 2001-ல் கேமராவை நிறுத்திவிட்டார்கள்.

கட்டிப்போட்ட கன்றுக்குட்டி

சரி, வீட்டில் எப்படிச் செய்வது?

கேமராவை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் இணைக்கலாம். அப்போது அது முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி. கம்ப்யூட்டர் "எடு" என்றால் எடுக்கும். வெளிச்சத்தைக் கூட்டு என்றால் கூட்டும். ஆனால் கயிறு குட்டை! சாதாரண யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீண்டால் சரியாக வேலை செய்யாது. வாசலில் கேமரா, கூடத்தில் நாம். எட்டுமா?

இங்கேதான் இரண்டாவது கம்ப்யூட்டர் வருகிறது. பழைய லேப்டாப் ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேபிளை மாட்டுங்கள். நீங்கள் இன்னொரு கம்ப்யூட்டரோடு கூடத்தில் உட்காருங்கள். இரண்டும் ஒரே வை-பையில் இருந்தால் போதும். நீங்கள் கட்டளை இடுவீர்கள். முதல் கம்ப்யூட்டர் அதை வாங்கிக் கேமராவுக்குச் சொல்லும். எடுத்த படம் அதே வழியில் திரும்பி வரும்.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு டிஜிகேம்கன்ட்ரோல், லினக்ஸுக்கு ஜி-போட்டோ என்று இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. எல்லாக் கேமராவும் இவற்றுக்குக் கட்டுப்படாது. உங்கள் கேமராவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரோகிராம் முதல் கம்ப்யூட்டரில் ஓடட்டும். அதன் திரையை, எனிடெஸ்க் போன்ற ஒன்றின் மூலம் இரண்டாவது கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கேமரா கழுத்தைத் திருப்பாது. எந்தப் பக்கம் பார்க்க வைத்தீர்களோ, அந்தப் பக்கம்தான் பார்க்கும். பாட்டரியும் சீக்கிரம் தீரும்.

மலை உச்சியில் ஒரு கண்

இதே வித்தையைப் பெரிய அளவில் செய்கிறார்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள். லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் அகலம் 2 மீட்டர். 2000-ம் ஆண்டில் அது முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. நோபல் பரிசு பெற்ற தமிழர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே காற்று மெலிவு, மூச்சு வாங்கும். குளிர் எலும்பைத் துளைக்கும். அதனால் விஞ்ஞானிகள் பெங்களூருக்கு அருகில் ஹோஸ்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியாகக் கட்டளை அனுப்புகிறார்கள். தொலைநோக்கி திரும்புகிறது, அதில் உள்ள கேமரா நட்சத்திரங்களைப் படம் எடுக்கிறது. மலைமேல் யந்திரங்களைக் கவனிக்கவும் சில பேர் இருக்கிறார்கள்.

திருடனுக்கும் அதே வழி

இனி சொல்லப்போவதைப் பெரியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இயக்கும் வரை பயம் குறைவு. ஊர் விட்டு ஊர் இயக்க வேண்டுமானால் இன்டர்நெட் வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் நுழையும் கதவில் மற்றவனும் நுழையலாம் அல்லவா? 2016-ல் "மிராய்" என்ற கெட்ட புரோகிராம் பரவியது. கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களில் புகுந்தது. ஆயிரக்கணக்கான கேமராக்கள் அந்நியன் சொற்படி ஆடின. அவ்வருடம் அக்டோபர் 21-ந் தேதி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே முடங்கிப்போயின!

ஆகவே கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதில் பிறந்த தேதி வேண்டாம். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

திண்டிவனத்தில் தனியாக இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொள்ளக் கேமரா வைக்கிறீர்களா? அவரைக் கேட்டு வையுங்கள். பெற்ற தாய்தானே என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் வெட்கம், மானம் உண்டு. ஒருவருடைய அந்தரங்கத்தைச் சம்மதம் இல்லாமல் படம் பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இன்னொன்று, மின்சாரம். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் மின்சாரம் நின்றால், விழுப்புரத்தில் எத்தனை தடவை பொத்தானை அமுக்கினாலும் படம் வராது. தாயாருக்குப் போன் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் பஸ் ஏற வேண்டியதுதான்.