ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள்: கையொப்பம் இடுமுன் கவனியுங்கள்

"ஏழு பேர்ச்சஸ்னா நாங்க காசு கட்டி வாங்கணுமா, மிஸ்?" அட்டன் பகுதியில் நடந்த பதிவொன்றில் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். காணியின் அளவை அவர் விலைக்கு வாங்குவதாக விளங்கிக்கொண்டு, படிவத்தை நிரப்பாமலே வைத்திருந்தார். இவ்வாறு குழப்பம் தரும் மூன்று சோடி ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம்.

1. பேர்ச்சஸ் – பர்ச்சேஸ்

பேர்ச்சஸ் என்பது நில அளவு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. பர்ச்சேஸ் என்றால் விலைக்கு வாங்குதல். எழுத்தில் பார்த்தால், அளவைக் குறிக்கும் சொல் 'பி, ஈ' என்றும், வாங்குவதைக் குறிக்கும் சொல் 'பி, யூ' என்றும் தொடங்கும்.

2. லீஸ் – ரிலீஸ்

லீஸ் என்பது குத்தகை. அரசுக்குச் சொந்தமான பெரும்பாலான தோட்டக் காணிகளைப் பெருந்தோட்டக் கம்பனிகள் நீண்டகாலக் குத்தகையில் வைத்திருக்கின்றன. ரிலீஸ் என்பது விடுவித்தல். "காணி ரிலீஸ் ஆகிவிட்டது" என்றால், வீடமைப்புக்காக அந்தக் காணி விடுவிக்கப்பட்டுள்ளது என்பதே பொருள். உங்கள் பெயரில் காணி உறுதி கிடைத்துவிட்டது என்பதல்ல. உறுதி தனியான ஆவணம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

3. இவாக்குவேஷன் – இவிக்‌ஷன்

இந்தச் சோடியைத் தவறாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இவிக்‌ஷன் என்பது குடியிருப்பிலிருந்து ஒருவரை அப்புறப்படுத்துதல். இவாக்குவேஷன் என்பது ஆபத்திலிருந்து காப்பாற்ற மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புதல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் அவதானமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். "லயத்தை விட்டுப் போனால் காம்பரா போய்விடும்" என்று பயந்து தங்கிவிடாதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள்.

விளங்காத ஆவணத்தில் கையொப்பம் இட வேண்டாம். "தமிழில் தாருங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. அரச அலுவலகங்களோடு தமிழில் அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகிறது. சந்தேகம் இருந்தால் கையொப்பமிடுமுன் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். கையொப்பமிட்ட ஒவ்வொரு ஆவணத்திலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.