ஒரே விசாவில் பல நாடுகள்: ஐரோப்பா செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பிள்ளைகள் வேலை, படிப்பு என்று ஐரோப்பாவில் தங்கிவிட்டதால், பெற்றோர் அங்கு சென்று சில வாரங்கள் இருந்து வருவது நம் குடும்பங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. காரைக்கால் குடும்பங்களுக்கோ பிரான்ஸ் தலைமுறைகளாகவே பழக்கமான நாடு. போன இடத்தில் பக்கத்து நாட்டையும் பார்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால், எல்லையில் கேட் இல்லை என்பதால் விதியும் இல்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எந்தெந்த நாடுகள்?

1985-ஆம் ஆண்டு லக்சம்பர்க்கிலுள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. இன்று 29 நாடுகள் இதில் உள்ளன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக இணைந்தன.

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஷெங்கனில் உள்ளன. அயர்லாந்து ஒன்றியத்தில் உள்ளது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. எனவே லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கத் தனி விசா வேண்டும். அங்கு வசிக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் பாரிஸ் வருவதற்கும் ஷெங்கன் விசா வேண்டும்.

விசா ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இரண்டாவது, எத்தனை நாள் தங்கலாம் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஸ்டிக்கரில் ஆகஸ்ட் 13 வரை செல்லும் என்றிருக்கும். தங்கும் நாள் 20 என்றிருக்கும். ஜூலை 10 அன்று நுழைந்தால் ஜூலை 29-க்குள் வெளியேறிவிட வேண்டும். நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது. அங்கே '1' என்றிருந்தால் ஷெங்கன் பகுதியை விட்டு ஒருமுறை வெளியேறியதும் விசா முடிந்துவிடும். பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டு, ஊருக்குத் திரும்பும் விமானத்துக்காக மறுபடி பாரிஸ் வரத் திட்டமிடுபவர்கள் இங்குதான் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் பிரிட்டன் விசா இருந்தாலும், லண்டனில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகள் விசாவைப் பார்ப்பார்கள். குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குப் போனாலும் இதே கதிதான். இப்படிப் பயணத் திட்டம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசா கேட்க வேண்டும்.

பலமுறை நுழையும் விசா நீண்ட காலத்துக்குக் கிடைத்தாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நாடு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. நுழைவையும் வெளியேறலையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கூடுதலாக ஒரு நாள் தங்கினாலும் அது பதிவில் நிற்கும்; அடுத்த விசாவைப் பாதிக்கும்.

எங்கே விண்ணப்பிப்பது?

அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கு இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அவசியம். பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தம் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும்.

எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக, போகாத நாட்டின் பெயரில் ஹோட்டல் முன்பதிவு காட்டி விசா பெற்று, வேறு நாட்டில் போய்த் தங்கும் வழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். விசா விண்ணப்பம் என்பது நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்கு. பொய் சொல்லி அதைப் பெறுவதும், பெற்ற பிறகு நிபந்தனையை மீறுவதும் மார்க்கம் தடுத்தவை. சட்டப்படியும் விசா ரத்தாகலாம். ஒருவர் செய்யும் தவறு, பின்னால் விண்ணப்பிக்கும் குடும்பத்தாரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

வழியில் கவனிக்க வேண்டியவை

நாடு விட்டு நாடு போகும்போது பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்; பஸ்ஸின் அடியில் போடும் பெட்டியில் வேண்டாம். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. போலீசார் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறிக் கேட்பதுண்டு. புகைப்பட நகல் போதாது. குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

பிரான்ஸ், பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் பொது இடங்களில் முகத்தை மூடுவதற்குச் சட்டத் தடை உள்ளது. இந்தத் தடை முகத்திரைக்குத்தான். தெருவில் தலைமுக்காடு அணிந்து செல்ல இதனால் தடையில்லை. நிகாப் அணியும் சகோதரிகள் எந்த நாட்டுக்குச் செல்வது என்பதைக் குடும்பத்துடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது.

உப்புக்கண்டம், நெய், பால்கோவா போன்ற இறைச்சி, பால் பொருட்களை ஊரிலிருந்து கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் உரிய சான்றிதழ் இல்லாமல் போகாது. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழத்துக்குச் சான்றிதழ் தேவையில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவற்றைக் கொண்டுபோகலாம்.

விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி, நலமுடன் வீடு திரும்பச் செய்வானாக.