மூன்று கதை, ஒன்பது ஓட்டு

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு எங்கள் வாசகர் குழுவின் சிறுகதைப் போட்டி தொடங்கிவிடும். பரிசு பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு புத்தகம்தான். இந்த முறை தலைப்பு ‘இரண்டாவது மாம்பழம்’. பரமதத்தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய இரண்டு பழத்தில் ஒன்றைப் புனிதவதி பசித்து வந்த அடியாருக்கு இட்டுவிடுகிறாள். மிச்சமிருந்ததைத் தின்ற கணவன் ருசி பிடித்துப்போய் இன்னொன்றையும் கேட்கிறான். காரைக்கால் அம்மையார் வரலாறு திரும்புகிற இடம் அதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

கதைகள் செல்போனில் வந்து சேர்கின்றன. நெடுங்காட்டிலிருந்தும் திருமலைராயன்பட்டினத்திலிருந்தும் வருகின்றன. நாகூரிலிருந்து ஒரு லாத்தா தவறாமல் எழுதுகிறார். பிழைப்புக்காகப் பாரிஸ் பக்கம் போய்த் தங்கிவிட்ட காரைக்கால் குடும்பங்களிலிருந்தும் சிலர் அனுப்புகிறார்கள். அவர்களுக்காகவே கெடு நேரத்தை இந்திய நேரம் இரவு 10 மணி என்று எழுதிப் பக்கத்திலேயே பாரிஸ் நேரம் மாலை 6.30 என்றும் போடுகிறோம். நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கதை படிப்பேன், எழுதுவதில்லை. அதனால் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.

“டீச்சர், எல்லாரும் எல்லாக் கதையும் படிக்கப்போறோம். பிடிச்சதுக்கு ஆளுக்கொரு ஓட்டு. இதுல என்ன கணக்கு இருக்கு?” என்று கேட்டான் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன்.

“இருக்குப்பா. இப்படி உட்காரு” என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அதை இங்கேயும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் போட்டி நடத்துகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது இது.

கூடை, அலை, சாவி என்று மூன்று கதைகள். ஓட்டுப் போடுகிறவர்கள் ஒன்பது பேர். நான்கு பேருக்குக் கூடைதான் முதலிடம், அடுத்தது சாவி, கடைசி அலை. மூன்று பேருக்கு அலை முதல், அடுத்தது சாவி, கடைசி கூடை. மீதி இரண்டு பேருக்குச் சாவி முதல், அடுத்தது அலை, கடைசி கூடை. இப்போது ஆளுக்கொரு ஓட்டு என்றால் கூடைக்கு 4, அலைக்கு 3, சாவிக்கு 2. கூடை ஜெயித்துவிட்டது. ஆனால் ஒன்பதில் ஐந்து பேருக்கு அந்தக் கதை கடைசி இடம் என்பதையும் பாருங்கள்.

இதையே இரண்டு சுற்றாக நடத்தினால்? காரைக்காலில் இந்த முறையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பிரான்சில் அதிபர் தேர்தல் வந்தால் நம் ஊரிலேயே வாக்குச்சாவடி போடுகிறார்கள், 2022-இலும் போட்டார்கள். அங்கே முதல் சுற்றில் யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இரண்டு பேர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அதன்படி சாவி வெளியேறும். அதற்குப் போட்ட இரண்டு பேர் தங்கள் அடுத்த விருப்பமான அலைக்கு வருவார்கள். அலை 5, கூடை 4. இப்போது அலை ஜெயித்துவிட்டது.

மூன்றாவது வழி, வரிசைக்குப் புள்ளி கொடுப்பது. முதலிடத்துக்கு 3, இரண்டாம் இடத்துக்கு 2, மூன்றாம் இடத்துக்கு 1. கூட்டிப் பார்த்தால் கூடைக்கு 17, அலைக்கு 17, சாவிக்கு 20. சாவி ஜெயித்துவிட்டது. ஒன்பது பேரில் ஒருவர்கூட மனம் மாறவில்லை, யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை. எண்ணுகிற முறை மாறியது, மூன்று கதைகளும் மாறி மாறி முதற்பரிசு வாங்கின. தம்பி தாளை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தான்.

இதனால்தான் நான் ஒன்றில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். எண்ணும் முறையை முதல் கதை வருவதற்கு முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் கூடையும் அலையும் 17-இல் நிற்கின்றன. அதிக முதலிடம் வாங்கியது மேலே என்று விதி இருந்தால் கூடை இரண்டாவது. விதியே இல்லாமல் ஓட்டைப் பிரித்துவிட்டு அப்புறம் யோசித்தால், நாம் எதைச் சொன்னாலும் ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும். அந்தச் சந்தேகம் நட்பைக் கெடுத்துவிடும்.

தேர்வு இரண்டே இரண்டு என்றால் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடிப் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணைவது பற்றி ஓட்டளித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. எந்த முறையில் எண்ணினாலும் விடை அதுதான். மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கும்போதுதான் கணக்கு கிளை பிரிகிறது.

இதை முறையாக யோசித்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். 1739-இல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு முப்பத்தொரு ஆண்டு கழித்து, 1770-இல், ழான் ஷார்ல் த போர்தா என்ற கடற்படை அதிகாரி பாரிஸ் அறிவியல் கழகத்தில் இந்த வரிசைப் புள்ளி முறையை முன்வைத்தார். ஆளுக்கொரு ஓட்டு என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காத ஒருவரே வென்றுவிடலாம் என்று காட்டத்தான் அதைச் செய்தார். கழகம் பிற்பாடு தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க அந்த முறையையே எடுத்துக்கொண்டது. 1785-இல் கொந்தோர்சே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இன்னொரு வழி சொன்னார்: இரண்டு இரண்டாக நிறுத்திப் பார், எல்லோரையும் நேருக்கு நேர் வெல்வது எதுவோ அதுவே முதல். நம் கணக்கில் கூடையைவிடச் சாவி மேல் என்பவர்கள் ஐந்து பேர், அலையைவிடச் சாவி மேல் என்பவர்கள் ஆறு பேர். ஆக இங்கேயும் சாவிதான். ஆனால் சில சமயம் ஒன்று இரண்டை வெல்லும், இரண்டு மூன்றை வெல்லும், மூன்று ஒன்றை வென்று வட்டமாகிவிடும் என்பதையும் கொந்தோர்சேயே கண்டு எழுதினார்.

எங்கள் போட்டியில் போர்தா முறைதான். நண்பர்களுக்குள் நடக்கிற போட்டிக்கு அது பொருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் அது எல்லோரையும் எல்லாக் கதையையும் படிக்க வைக்கிறது. வரிசைப்படுத்த வேண்டுமானால் கடைசிக் கதையையும் படித்தே ஆக வேண்டும்.

பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கலாமே என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பேப்பர் திருத்தியவள் சொல்கிறேன், வேண்டாம். ஒருவர் கை தாராளம், மோசமான கதைக்கும் 7 போடுவார். இன்னொருவர் நல்ல கதைக்கு 10, மற்றவற்றுக்கெல்லாம் 1 போடுவார். கூட்டும்போது இரண்டாமவர் ஓட்டுக்கு முதலாமவர் ஓட்டைவிடப் பல மடங்கு பலம் வந்துவிடும். கருவுக்கு 20, நடைக்கு 20, முடிவுக்கு 20 என்று கூறு போடும் அட்டவணையையும் நான் ஏற்பதில்லை. எதிலும் குறை சொல்ல முடியாத, எதுவும் மனதில் நிற்காத கதைதான் அதில் முந்தும். ஒரே ஒரு பத்தியால் நம்மை உலுக்கிவிட்டு மற்ற இடங்களில் தடுமாறுகிற கதை பின்னால் போய்விடும். எனக்கு அந்தத் தடுமாறுகிற கதைகளின்மேல்தான் பிரியம்.

போர்தா முறைக்கு ஓட்டை இல்லாமல் இல்லை. போட்டியில் இருப்பவர் தனக்குச் சவாலான கதையை வேண்டுமென்றே கடைசியில் தள்ளலாம். இதைச் சுட்டிக்காட்டியபோது, என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும்தான் என்று போர்தா பதில் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. நாங்கள் அதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறோம். தன் கதைக்குத் தானே இடம் தரக் கூடாது. மற்ற ஒவ்வொரு கதைக்கும் ஏன் இந்த இடம் என்று இரண்டு வரி எழுத வேண்டும். காரணம் இல்லாத ஓட்டு எண்ணிக்கையில் சேராது. நல்ல கதையைக் கடைசியில் தள்ளிவிட்டு அதற்குக் காரணம் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடாது. எழுதுகிறவர்களுக்குக் கதையின் அருமை தெரியும், அதை மறைத்து எழுதுவது அவர்களுக்குத்தான் கஷ்டம்.

பெயர் மறைப்பதும் அவசியம். முன்பெல்லாம் அரசுத் தேர்வு விடைத்தாள்களில் பதிவெண்ணை நீக்கிவிட்டு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தும் கேம்ப்புக்கு அனுப்புவார்கள். அதே மாதிரி கதைகள் என் ஒருத்திக்கு மட்டும் வரும். பெயரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில் மாற்றி, எண் கொடுத்து அனுப்புவேன். அனுப்பும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவேன். முதலில் படிப்பதைச் சுறுசுறுப்பாகப் படிக்கிறோம், பத்தாவதுக்கு வரும்போது கண் சோர்ந்துவிடுகிறது. அந்தச் சோர்வு எப்போதும் ஒரே கதையின் தலையில் விழக் கூடாது. ஓட்டு வாங்கக் கூகுள் ஃபார்ம் போதும். வாட்ஸ்அப்பிலேயே ஓட்டெடுப்பு வைக்கிற வசதி இருக்கிறது, ஆனால் யார் எதற்குப் போட்டார்கள் என்பது குழுவில் தெரிந்துவிடும். முதல் நான்கு பேர் எங்கே போட்டார்களோ அங்கேயே ஐந்தாமவரும் போடுவார். தன் கதைக்கு யார் போடவில்லை என்று பார்த்து ஒருவர் மனம் வருந்துவார்.

ஓட்டை ஊருக்கே திறந்துவிடலாமா? தமிழில் அதற்கும் முன்மாதிரி உண்டு. 2006-இல் தேன்கூடு என்ற வலைப்பதிவுத் திரட்டியும் தமிழோவியம் இணைய இதழும் சேர்ந்து மாதம் ஒரு தலைப்புக் கொடுத்துப் போட்டி நடத்தின. ‘மரணம்’, ‘உறவுகள்’ என்றெல்லாம் தலைப்பு வந்தது. வாசகர் ஓட்டுதான் வெற்றியைத் தீர்மானித்தது. எத்தனையோ பேரை எழுத வைத்த முயற்சி அது. ஆனால் எங்களைப் போன்ற சிறு குழுவில் இணைப்பை வெளியே அனுப்பினால் யாருக்குச் சொந்தபந்தம் அதிகமோ அவர் கதைதான் முதலில் வரும். எனவே ஓட்டு குழுவுக்குள் மட்டும்.

ஓட்டோடு இன்னொரு பரிசும் தனியாக வைத்திருக்கிறோம். அது போட்டியில் கலந்துகொள்ளாத ஒரே ஒரு நடுவர் தருவது. இதற்கு எனக்கு வழிகாட்டி 1970-இல் ப. லட்சுமணனும் ப. சிதம்பரமும் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை. மாதா மாதம் இதழ்களில் வந்த கதைகளிலிருந்து ஒருவர் ஒன்றைத் தேர்வு செய்வார். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளும் ஒரு நடுவரிடம் போகும். அவர் அதில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதுவார். நடுவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, நடுவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பது. நடுவர் தீர்ப்பே இறுதியானது, கடிதப் போக்குவரத்து கூடாது என்ற ஒற்றை வரியோடு முடிகிற போட்டிகளில் தோற்றவர் எதைக் கற்றுக்கொள்வார்?

நடுவர் என்றதும் இறையனார் அகப்பொருள் உரையின் தொடக்கத்தில் வரும் உருத்திரசன்மன்தான் நினைவுக்கு வருகிறான். அந்த நூலின் அறுபது நூற்பாவுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் உரை எழுதினார்கள். என் உரைதான் சிறந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அரசனிடம் போய் ஒரு நடுவர் கேட்டார்கள். உங்களுக்கு மேல் நான் யாரைத் தேடுவேன் என்றான் அவன். போட்டியாளர்களே நடுவர்களாகவும் இருந்தால் வரும் முட்டுச்சந்து அன்றைக்கே இருந்திருக்கிறது! கடைசியில் இறைவன் காட்டிக்கொடுத்தது ஐந்து வயது ஊமைப் பிள்ளையை. புலவர்கள் ஒவ்வொருவராகப் படிக்க, அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். மருதன் இளநாகனார் படித்தபோது சில சில இடங்களில் கண்ணீர் வந்தது, மயிர் சிலிர்த்தது. நக்கீரர் படித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வடித்தான். முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் வரிசையே போட்டுக் கொடுத்துவிட்டான். அவனுக்கு அந்தச் சபையில் நண்பன் இல்லை, பகைவன் இல்லை, வாங்கவும் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

நடுவர் பரிசையும் ஓட்டுப் பரிசையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நடுவர் குழுவின் புள்ளியையும் மக்கள் ஓட்டையும் 2016 முதல் தனித்தனியாக அறிவிக்கிறார்கள், கடைசியில் கூட்டிவிடுகிறார்கள். நாங்கள் அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டோம். இரண்டு தீர்ப்பும் வேறு வேறாக இருந்தால் இருக்கட்டும். குழுவில் அதைப் பற்றித்தான் நாள்கணக்கில் பேச்சு நடக்கிறது, அந்தப் பேச்சுக்காகத்தானே போட்டி.

முடிவு வந்த அன்றே முழு ஓட்டுப் பட்டியலும் எல்லாக் கருத்துகளும், எழுதியவர் பெயர் இல்லாமல், போட்டியாளர்களுக்குப் போய்விடும். இந்த முறை கடைசி இடத்துக்கு வந்த கதை, பாரிஸ் பக்கத்தில் இருக்கும் வயதான அம்மா ஒருவருடையது. மூன்றாவது பக்கத்தில் மாம்பழக் காம்பில் வடியும் பாலைப் பற்றி எழுதியிருந்தார். ஐந்து பேர் அந்த ஒரு இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். முதற்பரிசு வாங்கிய கதைக்குக்கூட எந்த ஒரு இடத்திலும் அத்தனை பேர் கை வைக்கவில்லை. அவர் அந்தக் கதையை அங்கிருந்து மறுபடி தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கருத்து எழுதியவர்கள் பெயரைப் பிற்பாடாவது வெளியிட வேண்டும் என்கிறான் தம்பி. பெயர் போட்டு எழுதத் துணியாதவர் கருத்துக்கு என்ன மதிப்பு என்பது அவன் கேள்வி. நாகூர் லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “அடுத்த தெருவுல இருக்கவங்க கதையப் பத்தி பேரு போட்டு உண்மைய எழுதச் சொன்னா, நான் நல்லாயிருக்குன்னு மட்டும்தான் எழுதுவேன் டீச்சர்” என்றார். நான் லாத்தா பக்கம். அடுத்த போட்டிக்கான விதிமுறை எழுதும்போது தம்பி மறுபடியும் கேட்பான், அவன் சொல்வதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வோம்.